பந்து தவறினால் எழுந்து வருகிறவர்

யாராவது பந்தைத் தவறவிட்டால் அவர் பெஞ்சிலிருந்து எழுந்து வருவார். ஆடினவனை ஒன்றும் கேட்கமாட்டார். அவன் கையிலிருந்து ஸ்டிக்கை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனிவரை பார்ப்பார். மேசையின் விளிம்பில் வைத்து மெதுவாக உருட்டுவார். பிறகு, "தப்பு என்னாண்டதான் கீது. நாளைக்கு வந்து வாங்கிக்கோ" என்று சொல்லி ஸ்டிக்கைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கிவிடுவார். ஆடினவன் முந்தின நாள் தூங்காமல் வந்திருப்பான். இல்லையென்றால் ஜன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டே அடித்திருப்பான். அதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. பந்து குழிக்குள் போகவில்லை என்றால் ஸ்டிக் செய்தவன் தப்பு. அவ்வளவுதான்.

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் ஸ்நூக்கர் கிளப். பெரிய மேசை ஒன்று, சின்ன மேசை இரண்டு. நான் அங்கே மார்க்கர். பந்துகளை அடுக்குவது, மேசைமேல் விரித்த பச்சைத் துணியைப் பிரஷ்ஷால் தள்ளி இஸ்திரி போடுவது, பலகையில் பாயிண்ட் எழுதுவது, இவைதான் மார்க்கர் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு எண் எழுதும் வேலை கிடைத்ததே பெரிதாக இருந்தது. யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதும் எனக்குப் பிடித்திருந்தது.

அவருக்கு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு கடைசல் பட்டறை. கட்டில் கால், தொட்டில் கட்டை, சப்பாத்திக் கட்டை எல்லாம் கடைந்து கொடுப்பார். கிளப் தொடங்கின வருஷம், அது தொண்ணூற்றாறோ ஏழோ, முதலாளி ஒரு உடைந்த ஸ்டிக்கை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அதுவரை அவர் அந்த விளையாட்டைப் பார்த்ததே இல்லை. ஒட்டித் தர வேண்டிய ஸ்டிக்கை வைத்துக்கொண்டு, ஒரு வாரம் தினமும் மாலையில் மாடிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பந்துகளைப் பார்க்கவில்லை. ஆடுகிறவர்களின் முழங்கையைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், காலைப் பார்த்தார். ஏழாம் நாள் என்னிடம், "இன்னா மார்க்கரு, ஆளு ஆளுக்கு ஒடம்பு வேற மாதிரி கீது. குச்சி மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரி குட்த்திருக்கீங்க?" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் கிளப்பில் ஆளுக்கு ஒரு ஸ்டிக் என்று ஆனது. வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் அவரை அண்ணாத்த என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவர் அளவெடுக்கிற விதம் புதிதாக வருகிறவர்களுக்குக் கோபம் மூட்டும். ஸ்டிக் வேண்டும் என்று கேட்டவனிடம் முதலில், "கீழ போயி ஒரு பக்கெட்டு தண்ணி எடுத்தா" என்பார். இருபத்திரண்டு படி. அவன் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஏறி வரும்போது இவர் மேல்படியில் நின்று பார்ப்பார். எந்தத் தோள் இறங்குகிறது, முழங்கை உடம்பை ஒட்டி வருகிறதா விலகி வருகிறதா, மூச்சு எங்கே வாங்குகிறது. "இது இன்னாடா, ஸ்டிக்கு கேட்டா வேலைக்காரன் ஆக்கிட்டாரு" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு அதில் நன்மைதான். கிளப் தொட்டியில் தண்ணீர் குறைந்ததே இல்லை.

பிறகு அவனை மேசை முன்னால் ஆடுகிற மாதிரி குனிந்து நிற்கச் சொல்வார். ஸ்டிக் நுனியில் தேய்க்கிற நீலச் சுண்ணக்கட்டியை எடுத்து, தரையில் அவன் பாதங்களைச் சுற்றிக் கோடு போடுவார். "ஸ்டிக்கு கையில ஆரம்பிக்கல. கால்ல ஆரம்பிக்குது" என்பார். அந்தக் கோடுகளுக்கு நடுவே உள்ள தூரத்தைத்தான் முதலில் நூல் பிடித்து அளப்பார். கை அளவு, மோவாய் உயரம் எல்லாம் அதற்கப்புறம். மாலையில் நான் ஈரத்துணி போட்டுத் துடைக்கும்போது தரையெல்லாம் நீலப் பாதங்களாக இருக்கும்.

முன்பாகத்துக்குச் சென்னைக்குப் போய் வெளிநாட்டுக் கட்டை வாங்கி வருவார். பின்பாகத்துக்கு இடித்த வீடுகளின் ஈட்டி மரம். எடைக்கு, கோவளத்தில் வலை கட்டுகிறவர்களிடமிருந்து ஈயக்குண்டு வாங்கி, உருக்கி ஊற்றுவார். "அண்ணாத்த, என் ஸ்டிக்குல மீன் வாசன அடிக்குது" என்று ஒருவன் கிண்டல் செய்தான். அவர் சிரிக்கவில்லை. வாங்கி முகர்ந்து பார்த்தார். "ஆமா, சரியா கழுவல. தப்பு என்னாண்டதான்" என்று எடுத்துக்கொண்டு போனார். கிண்டல் செய்தவன் மூன்று நாள் ஸ்டிக் இல்லாமல் திரிந்தான்.

அவர் மனைவி ஒரு நாள் சாப்பாட்டுத் தூக்கோடு மாடிப்படி ஏறி வந்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. பெண்கள் யாரும் அங்கே வந்ததில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்து, "நீங்கதான் மார்க்கரா? இந்த மனுசங்கிட்ட சண்டகூட போட முடியல சார். நான் சோத்த கொழைய வுட்டா, அரிசிய நான்தான் தப்பா வாங்கினேங்கறாரு. கொழம்புல உப்பு போட மறந்தா, நான் பேசிக்கினு இருந்ததால நீ மறந்துட்டேங்கறாரு. ஒரு பொம்பள எத்தினி நாளுதான் இப்படி குடும்பம் நடத்துறது?" என்றார். அவர் பெஞ்சில் உட்கார்ந்து தூக்கைத் திறந்துகொண்டே, "நான் ஒன்னும் சொல்லலியேம்மா" என்றார். "அதான் சொல்றேன்" என்றார் அந்த அம்மா.

கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்திலிருந்து ஒரு விஞ்ஞானி வந்ததையும் சொல்ல வேண்டும். ஊழியர் குடியிருப்பில் அவர்களுக்கென்று ஒரு மேசை உண்டு. அவர் கையில் ஒரு வரைபடம் கொண்டுவந்தார். நீளம், குறுக்களவு, எடை, எந்த இடத்தில் விரல் வைத்தால் ஸ்டிக் சாயாமல் நிற்க வேண்டும், எல்லாம் புள்ளி வைத்த எண்களில் எழுதியிருந்தது. பக்கெட் தண்ணீர் எல்லாம் அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. அண்ணாத்தவும் சொல்லவில்லை. வரைபடத்தில் இருந்தபடி இம்மி பிசகாமல் செய்து கொடுத்தார். விஞ்ஞானி தன் கருவிகளால் அளந்து பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டு ஆள் அனுப்பிப் பாராட்டினார். ஒரு மாதம் கழித்து அவரே வந்தார்.

"ரொம்பச் சரியா செஞ்சிருக்கீங்க. ஆனா என்னால ஆட முடியலை."

"தப்பு என்னாண்டதான் சார்."

"எப்படி? வரைஞ்சது நான். நான் கேட்டதைத்தானே செஞ்சீங்க?"

"அத்த நான் செஞ்சிருக்கக் கூடாது சார். படத்துல ஆளு இல்லியே."

விஞ்ஞானி சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "பக்கெட் எங்கே இருக்கு?" என்று கேட்டார். அவர் காதுக்கு பக்கெட் செய்தி ஏற்கெனவே போயிருந்தது.

மாமல்லபுரத்தில் கடற்கரைச் சந்து ஒன்றில், வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற விடுதிக்கும் அவர் ஸ்டிக் செய்து கொடுத்தார். அங்கே மாதக்கணக்கில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், நிலைப்படியில் தலை குனியாமல் நுழைய முடியாத உயரம், தனக்கென்று ஒன்று கேட்டார். இவர் அவரையும் கிணற்றிலிருந்து தண்ணீர் தூக்க வைத்தார். விடுதிக்காரர், "கஸ்டமரு அண்ணாத்த! மானத்த வாங்காதே" என்று கத்தினாராம். வெள்ளைக்காரர் சந்தோஷமாக நான்கு பக்கெட் இறைத்துவிட்டார். ஸ்டிக் கைக்கு வந்து இரண்டு கேம் ஆடியதும், மகிழ்ச்சியில் அண்ணாத்தவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். இவர் ஊருக்குத் திரும்பி வந்து பெஞ்சில் சோர்ந்துபோய் உட்கார்ந்தார்.

"இன்னா அண்ணாத்த, அவருக்குப் புடிக்கலியா?" என்றேன்.

"புடிச்சிகீது. அதான் பேஜாரு. அந்தாளு என்னத் தூக்கினப்பதான் தெரிஞ்சுது, வலது கை முழுசா நீளல. எப்பவோ ஒடஞ்சி சேந்த கை போல. நான் பாக்காம வுட்டுட்டேன்."

மறுநாள் காலையில் திருக்கழுக்குன்றம் வழி பஸ் பிடித்துத் திரும்பவும் போனார். நன்றாக இருக்கிற ஸ்டிக்கை ஏன் பிடுங்குகிறார் என்று வெள்ளைக்காரருக்குக் கடைசிவரை புரியவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இப்படிப்பட்டவரிடம் எனக்கு மரியாதை இருந்தது. ஆனால் சில நேரம் ஒரு சங்கடமும் இருந்தது. அது என்ன என்று எனக்குத் தாமு விஷயத்தில்தான் விளங்கியது.

தாமு மறைமலைநகரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. ஐந்து வருஷமாக அதே மெஷின், அதே ஒப்பந்தம். கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மாடிக்கு வருவான். எங்கள் கிளப்பில் மட்டுமல்ல, தாம்பரம் வரைக்கும் அவனுக்கு எதிரே நிற்க ஆள் இல்லை. அவன் ஸ்டிக்கை அண்ணாத்த நான்கு மாதம் செய்தார். அதற்காக அவன் தூக்கின பக்கெட்டுகளுக்குக் கணக்கே இல்லை.

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு செய்தி வந்தது. ஒரு பெரிய நிறுவனம் தன் ஸ்நூக்கர் அணிக்கு ஒரே ஒரு ஆளை எடுக்கப் போகிறது. போட்டியில் ஜெயிப்பவனுக்கு நிரந்தர வேலை. வயது இருபத்தெட்டுக்குள் இருக்க வேண்டும். தாமுவுக்கு அந்த வருஷத்தோடு வயது முடிகிறது. அடுத்த முறை என்பது அவனுக்குக் கிடையாது. "மாப்ள குச்சி வச்சிக்கினு சுத்துறாரு" என்று மாமியார் வீட்டில் சொல்வதைக் கேட்டுக் கேட்டு இருந்தவன், அந்த விண்ணப்பத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான்.

முதல் சுற்றுகள் எல்லாம் எங்களுடையதைப் போன்ற கிளப்புகளில் நடந்தன. தாமு ஒவ்வொன்றிலும் சுலபமாக ஜெயித்தான். கடைசி ஆட்டம் மட்டும் சென்னையில், வெள்ளைக்காரன் காலத்துக் கிளப் ஒன்றில். ஐந்து கேம். மூன்று ஜெயிக்கிறவனுக்கு வேலை.

அங்கே போக நாங்கள் மூன்று பேரும் ஷூ தேட வேண்டியிருந்தது. கறுப்புத் தோல் ஷூ இல்லாமல் ஆடவும் முடியாது, பார்க்கவும் முடியாது என்று கடிதத்தில் போட்டிருந்தது. தாமு தன் மச்சானின் கல்யாண ஷூவைக் கேட்டு வாங்கி வந்தான். எனக்கு முதலாளி தன்னுடையதைக் கொடுத்தார். அண்ணாத்த தாம்பரம் நடைபாதையில் ஒரு ஜோடி வாங்கினார். அவர் வாழ்நாளில் அதுதான் முதல் ஷூ. வாசலில் நின்ற காவலாளி எங்கள் முகத்தைப் பார்க்காமல் காலை மட்டும் பார்த்து உள்ளே விட்டான்.

முதல் கேமில் தாமு அடித்த பந்துகள் எல்லாம் குழியின் உதட்டில் இடித்து இடித்துத் திரும்பின. மயிரிழைதான் தப்பியது, ஆனால் எல்லாம் தப்பியது. எதிராளி சென்னைப் பையன், இருபத்திரண்டு வயது, அலட்டிக்கொள்ளாமல் ஆடினான். முதல் கேம் போனது. இரண்டாவதும் போனது. டீ குடிக்கக் கால் மணி நேரம் விட்டார்கள்.

தாமு சுவரில் சாய்ந்து நின்றான். "பயந்துட்டேன் மார்க்கரு. எடம் பெரிய எடம். எனக்கு லாயக்கில்ல" என்றான்.

அண்ணாத்த அவன் ஸ்டிக்கை வாங்கிக் கண்ணால் பிடித்துப் பார்த்தார். உருட்டினார். திரும்பப் பார்த்தார். "கட்டையில ஒன்னும் இல்லியே" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வெளியே வராந்தாவுக்குப் போனார். நானும் போனேன். புது ஷூ கடித்ததால் அவர் நொண்டி நொண்டி நடந்தார். திடீரென்று நின்று, ஆடுகிறவனைப் போலக் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"மார்க்கரு, இங்க வா. குனி."

குனிந்தேன்.

"ஒடம்பு எங்க போவுது?"

"முன்னாடி தள்ளுது அண்ணாத்த."

"குதிகால தூக்குது ஷூவு. ஒரு அங்குலம். நான் வெறுங்கால்ல அளந்துட்டேன்."

எங்கள் கிளப் வாசலில், 'செருப்பைக் கழற்றிவிட்டு மேலே வரவும்' என்று பலகை எழுதி மாட்டினவன் நான். பஸ் நிலையத்துச் சேறு மேலே வந்தால் துணி பாழாகும் என்று, முதலாளியே சொல்லாதபோது நானாகச் செய்தது. ஆறேழு வருஷமாக எங்கள் ஊரில் எல்லோரையும் வெறுங்காலோடு ஆட வைத்தது அந்தப் பலகைதான். தாமு கம்பெனியில் ஷூ போடுகிறவன், ஆனால் மேசை முன்னால் ஒரு நாளும் போட்டதில்லை. போன சுற்றுகள் நடந்த கிளப்புகளிலும் செருப்பு வாசலில்தான்.

"பலகை எழுதினது நான்தான் அண்ணாத்த" என்றேன்.

"நீ துணிக்காக எழுதின. காலப் பாத்து அளந்தவன் நானு. தப்பு என்னாண்டதான் கீது. அவனக் கூப்புடு."

பின்பக்கத்துக் கல்படியில் தாமுவை உட்கார வைத்து ஷூவைக் கழற்றச் சொன்னார். அவர் தோள்பையில் குறடும் சின்ன ரம்பத் தகடும் எப்போதும் இருக்கும். ஒரு ஷூவைத் திருப்பி முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, குதியைக் குறட்டால் பிடித்தார்.

"யோவ் அண்ணாத்த! மச்சானோட கல்யாண ஷூவுயா அது!"

"உன் மச்சான் இன்னா தெனமுமா கல்யாணம் பண்ணிக்கினு கீறான்? சும்மா இரு."

குதி ஆணிகளோடு பெயர்ந்து வந்தது. நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளை ரம்பத்தால் அறுத்து, படியில் தேய்த்துத் தட்டையாக்கினார். இரண்டாவது ஷூவையும் அப்படியே செய்தார். தாமு போட்டுக்கொண்டு நின்றான். ஒரு தடவை குனிந்தான். அவன் தோள் இறங்கினதை நான் பார்த்தேன். உள்ளே நடுவர் அவன் காலை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். ஷூ இருந்தது, கறுப்பாக இருந்தது, தோலில் இருந்தது. குதி இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை போலும்.

மூன்றாவது கேமில் எங்கள் ஊர் தாமு வந்துவிட்டான். சத்தமே இல்லாமல் பந்துகள் உள்ளே போயின. நான்காவதும் அவனுடையது. இரண்டுக்கு இரண்டு. பெரிய நிறுவனத்து அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஐந்தாவது கேம் நீண்டு நீண்டு, கடைசியில் மேசையில் கறுப்புப் பந்து மட்டும் மிஞ்சியது. அதை யார் போடுகிறானோ அவனுக்கு வேலை. முறை தாமுவுடையது. பந்து மூலைக் குழிக்கு ஒன்றரை அடியில் நின்றது. அவன் நூறு தடவை போட்டு, நூறு தடவை நான் எடுத்துவைத்த பந்து.

அடித்தான். குழியின் ஓரத்தில் தட்டி நின்றுவிட்டது.

சென்னைப் பையன் வந்து மெதுவாக உள்ளே தள்ளினான்.

யாரோ கை தட்டத் தொடங்கினார்கள். அண்ணாத்த எழுந்துவிட்டார். கை நீட்டிக்கொண்டு மேசைப் பக்கம் போனார். "தாமு, ஸ்டிக்க குடு. தப்பு என்னாண்ட..."

"ஒக்காரு அண்ணாத்த."

"இல்லடா, அந்தக் குதி ஒருவேள..."

"குதி சரியா கீது. ஸ்டிக்கு சரியா கீது. இது என் தப்பு." தாமு ஸ்டிக்கை விடவில்லை. "எல்லாத் தப்பையும் நீயே வாங்கினு போனா, நான் இன்னாதான்யா ஆடினேன்? அப்போ ஜெயிச்ச ரெண்டு கேமும் உன்னுதா?"

நீட்டின கையோடு அவர் அப்படியே நின்றார். தாமு போய்ச் சென்னைப் பையனுக்குக் கை கொடுத்தான். "நல்லா ஆடினே தம்பி" என்றான்.

எழும்பூரில் செங்கல்பட்டு லோக்கல் ஏறினோம். மாலை நாலு மணி, கூட்டம் அதிகம் இல்லை. ஸ்டிக் பை தாமுவின் மடியில் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அண்ணாத்தவின் கண் அந்தப் பையிலேயே இருந்தது. தாம்பரம் தாண்டியது. வண்டலூர் தாண்டும்போது அவர் வாயைத் திறந்தார்.

"எப்பிடிடா தவறுச்சு? சொல்லேன்."

இத்தனை வருஷத்தில் ஆடினவனிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

தாமு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். "குனிஞ்சதும் வேல கெடச்சிட்ட மாதிரி இருந்துச்சு அண்ணாத்த. அம்மாவாண்ட போய் சொல்றேன், அவ அழுவுறா. மாமியாரு காபி கொண்டாந்து குடுக்குது. எல்லாம் பாத்துட்டேன். பந்த மட்டும் பாக்கல."

அண்ணாத்த தலையை ஆட்டினார். "ம்" என்றார். அவன் இன்னும் சொன்னான். முதல் கேமில் இருந்த பயம், மூன்றாவதில் அது போன விதம், கம்பெனியில் சூப்பர்வைசர் பேசுவது, மனைவி ஆறு மாதம் முழுகாமல் இருப்பது, எல்லாம். கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று ஸ்டேஷன்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை.

மறைமலைநகர் வந்தது. ஐந்தரைக்குள் வந்தால் பாதி ஷிஃப்ட் தரும்படி அவன் சூப்பர்வைசரிடம் கேட்டுவைத்திருந்தான். எழுந்து, ஸ்டிக் பையை அண்ணாத்தவிடம் நீட்டினான். கம்பெனி கேட்டுக்குள் அதை விடமாட்டார்கள்.

"சனிக்கெழம வந்து வாங்கிக்கிறேன். தொறந்து பாக்காதே. அது நல்லாத்தான் கீது."

இறங்கி, குதியில்லாத ஷூவோடு பிளாட்பாரத்தில் வேகமாக நடந்தான். ரயில் கிளம்பியது.

அண்ணாத்த பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஜிப்பின் மேல் ஒரு விரலை வைத்தார். சிங்கப்பெருமாள் கோயில் போனது. பரனூர் போனது. விரல் அங்கேயே இருந்தது. செங்கல்பட்டில் இறங்கும்வரை அவர் அதைத் திறக்கவில்லை.